மறுமணம் நடந்த வீட்டில் பிள்ளைகளோடு எந்தப் படத்தைப் பார்ப்பது? ஏழு படங்கள், ஓர் ஒப்பீடு

நிதி ஒதுக்கீட்டில் ஒரு மாநிலம் புறக்கணிக்கப்பட்டால் நம் செய்தித்தாள்கள் எழுதுவது 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்றுதான். சிற்றன்னை என்றதும் கைகேயி நினைவுக்கு வருகிறாள். ஒரு வீட்டுக்குப் புதிதாக வரும் சித்தி வாசற்படி ஏறும் முன்பே இந்தச் சொற்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகின்றன. மாற்றாந்தந்தையின் நிலை வேறு. அவரை அழைக்க நம்மிடம் நிலைத்த சொல்லே இல்லை. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. அதனால் பல வீடுகளில் அவர் 'அங்கிள்' ஆகவே நின்றுபோகிறார்.

மறுமணம் முடிந்த சில மாதங்களில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'பிள்ளையிடம் நேரடியாகப் பேச வரவில்லை, சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்கலாமா, எதைப் பார்ப்பது?' நல்ல யோசனைதான். தன்னைப் பற்றிப் பேச முடியாத பிள்ளை, திரையில் இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேசிவிடும். ஆனால் அந்த வீட்டுக்குப் பொருந்தாத படம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவந்த நெருக்கத்தை ஒரே மாலையில் குலைத்துவிடக்கூடும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி, உங்கள் வீட்டில் இப்போது இல்லாதவர் எங்கே இருக்கிறார் என்பது. இறந்துவிட்டாரா, மணவிலக்குப் பெற்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையை அழைத்துப் போகிறாரா, தொடர்பே இல்லாமல் போய்விட்டாரா? பெற்றவரை இழந்த பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் படம், பெற்றவர் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அச்சத்தைத் தரலாம். நடிகர், மதிப்பெண், விருது எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

இரண்டாவது, கதையில் புதியவரைப் பிள்ளை ஏற்றுக்கொள்வது எதனால்? பெரும்பாலான படங்கள் இதற்கு ஒரு சாவையோ கடத்தலையோ விபத்தையோ கொண்டுவருகின்றன. நிஜ வீட்டில் வில்லன் வந்து பிள்ளையைத் தூக்கிப் போவதில்லை, புதிய அப்பா போய் மீட்பதும் இல்லை. அங்கே இருப்பது டிபன் பாக்ஸ், வீட்டுப்பாடம், குளியலறைக்கு முன் வரிசை. அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து எழும் மாற்றாந்தந்தைக்கு, தனக்கு அந்தப் பெரிய வாய்ப்பு வரவில்லையே என்ற ஏக்கம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, கதைக்குள் எவ்வளவு காலம் ஓடுகிறது? இத்தகைய குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா பேப்பர்னவ், அவை ஒன்றுசேரும் பாதையை ஏழு கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டத்துக்கு அவர் வைத்த பெயரே 'கற்பனை'. வேகமாகக் கடக்கும் குடும்பங்களுக்கும் நான்கு ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் கணிப்பு. படங்களோ பெரும்பாலும் ஒரு பள்ளி ஆண்டுக்குள் முடித்துவிடுகின்றன.

அடுத்து, கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, எந்தக் காட்சிகளுக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பவை. கீழே உள்ள வயது தணிக்கைச் சான்றிதழில் இருப்பது அல்ல, இந்தப் பொருளைத் தாங்கும் வயது என்று எங்களுக்குப் படுவது.

| படம் | புதிதாக வருபவர் | இல்லாதவர் | ஏற்பு எதனால் | ஓடும் நேரம் | வயது |
|---|---|---|---|---|---|
| ஸ்டெப்மாம் (1998) | அப்பாவின் துணைவி | அம்மா உயிரோடு, பின்னர் நோய் | தாயின் நோய் | 2 மணிக்குச் சற்று மேல் | 12+ |
| ஜூனோ (2007) | பல ஆண்டுகளாக வீட்டில் உள்ள சித்தி | அம்மா தொலைவில் | அன்றாடம் | 1 மணி 36 நிமிடம் | 16+ |
| பாய்ஹுட் (2014) | அம்மாவின் அடுத்தடுத்த கணவர்கள் | அப்பா, வார இறுதியில் வருபவர் | பெரும்பாலும் நடப்பதில்லை | 2 மணி 45 நிமிடம் | 16+ |
| என்னை அறிந்தால் (2015) | அம்மா மணக்க இருந்தவர் | அம்மா கொல்லப்படுகிறார் | உடனிருப்பு, பிறகு மீட்பு | இரண்டே முக்கால் மணிக்கு மேல் | 13+ |
| டாடிஸ் ஹோம் (2015) | அம்மாவின் கணவர் | அப்பா, திரும்பி வருபவர் | போட்டி ஓய்வது | 1 மணி 36 நிமிடம் | 13+ |
| இன்ஸ்டன்ட் ஃபேமிலி (2018) | வளர்ப்புப் பெற்றோர் | அம்மா, சிறையிலிருந்து வருபவர் | மோதலும் பொறுமையும் | 2 மணிக்குச் சற்றுக் குறைவு | 14+ |
| ஆன்வர்ட் (2020) | அம்மாவின் நண்பர் | அப்பா இறந்தவர் | ஓரமாக, மெதுவாக | 1 மணி 42 நிமிடம் | 7+ |

## ஸ்டெப்மாம்

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் சொல்லும் படம் இது. அதனாலேயே அதிகம் தவறாகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதுதான். ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த இசபெல் ஒரு புகைப்படக் கலைஞர். சூசன் சரண்டன் நடித்த ஜாக்கி, பிள்ளைகள் ஆனா, பென் இருவரின் தாய். தொடக்கத்தில் ஜாக்கி நலமாக, கோபமாக, எதிலும் திருத்தமாக இருக்கிறார். இசபெல் எதைச் செய்தாலும் பிழையாகிறது. படப்பிடிப்புக்கு நடுவே பூங்காவில் சிறுவனைத் தவறவிட்டு விடுகிறார்.

படத்தின் முதுகெலும்பு ஒரு சின்ன வசனம். 'நீங்கள் விரும்பினால் இசபெலை வெறுக்கிறேன்' என்று அம்மாவிடம் சொல்கிறான் பென். மணவிலக்குப் பெற்ற வீட்டின் மையச் சிக்கல் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சித்தியைப் பிடித்திருப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் என்று பிள்ளை நினைக்கிறது. நிறுத்திப் பேச வேண்டிய இடம் இதுதான். அங்கே பெற்ற அப்பா சொல்ல வேண்டியது ஒன்றே: 'யாரையும் வெறுக்க வேண்டாம், உனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கலாம்.'

மறைந்திருக்கும் விலை பெரியது. இரண்டு பெண்களுக்கும் இடையிலான இழுபறியைக் கதை புற்றுநோயால் தீர்க்கிறது. தாய் விலகிப்போவது உறுதியான பிறகே இசபெலுக்கு இடம் கிடைக்கிறது. தாய் உயிரோடு, வேறு தெருவில் வாழும் வீட்டில் இதைப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை, சித்தி வந்தால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று கணக்குப் போடக்கூடும். தாயை நோயில் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகாத வீட்டிலும் வேண்டாம்.

பிறகு யாருக்குத்தான் இது? முதன்மையாகப் பெரியவர்களுக்கு. பெற்ற தாயும் புதிதாக வந்தவரும் தனித்தனியே பார்க்கட்டும். உணவகத்தில் இருவரும் பேசும் காட்சி ஒன்று உண்டு. ஆனாவின் திருமண நாளில் அவள் பெற்ற தாயைத்தான் நினைத்து ஏங்குவாள் என்று இசபெல் அஞ்சுகிறாள். அப்படி ஏங்காமல் போய்விடுவாளோ என்று ஜாக்கி அஞ்சுகிறாள். எதிரெதிரான இரண்டு பயங்களை இவ்வளவு நேர்மையாக ஒரே மேசையில் வைத்த காட்சி இந்த ஏழு படங்களில் வேறெதிலும் இல்லை. 2010-இல் கஜோல், கரீனா கபூர் நடிப்பில் இந்தியில் 'வீ ஆர் ஃபேமிலி' என்று எடுத்தபோது பிள்ளைகள் மூன்றானார்கள். நோயும் தீர்வும் அப்படியே நின்றன.

## ஜூனோ

இது கருவுற்ற பதினாறு வயதுப் பெண்ணின் கதை, சித்தியைப் பற்றிய படம் அல்ல. ஆனால் அலிசன் ஜேனி நடித்த பிரென், அண்மைக் காலத் திரையின் மிக நம்பகமான சித்திகளில் ஒருவர். எந்தத் தியாகத் தோரணையும் இல்லாமல் அன்றாடத்தில் நிற்கிறார். நாய் வளர்க்க ஆசை, ஆனால் ஜூனோவுக்கு நாயின் எச்சில் ஒவ்வாமை, அதனால் வளர்ப்பதில்லை. அதை அவ்வப்போது சொல்லிக்காட்டவும் செய்கிறார். ஸ்கேன் அறையில் பணிப்பெண் ஜூனோவை இளக்காரமாகப் பேசும்போது முதலில் எழுந்து பதிலடி கொடுப்பவரும் அவர்தான். பெற்ற தாயிடமிருந்து ஆண்டுக்கு ஒரு கள்ளிச்செடி மட்டும் வருகிறது.

ஏற்பு என்பது எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. யாரும் யாரையும் 'அம்மா' என்று உருகி அழைப்பதில்லை, வீடு நடக்கிறது. பல ஆண்டுகள் கடந்த பிறகு ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கிறோம். அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள் என்பது இதில் இல்லை.

பதின்ம வயதுக் கர்ப்பத்தை வெளிப்படையாகப் பேசும் படம் என்பதால் தாத்தா பாட்டி இருக்கும் கூடத்தில் போட முடியாது. மூத்த மகளும் சித்தியும் மட்டும் பார்க்க நல்லது.

## பாய்ஹுட்

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2002 முதல் 2013 வரை அதே நடிகர்களை வைத்து ஆண்டுதோறும் சில நாட்கள் படம்பிடித்தார். மேசன் என்ற சிறுவன் நம் கண்முன்னே வளர்கிறான். காலம் என்ற அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை.

முதல் மாற்றாந்தந்தை பில் ஒரு பேராசிரியர், குடிகாரர், பின்னர் கைநீட்டுபவர். அவருடைய வன்முறை சாப்பாட்டு மேசையில் பறக்கும் கண்ணாடிக் குவளைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேசனின் நீளமான முடியை அவன் விருப்பத்துக்கு மாறாக ஒட்ட வெட்டச் செய்கிறார். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் மாற்றுப் பெற்றோர் செய்யும் முதல் பிழை பல வீடுகளில் இதுதான். உறவு வேர்விடும் முன்பே கண்டிப்பைக் கையில் எடுக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் கண்டிப்பு பெற்றவரிடம் இருக்கட்டும், புதியவர் வீட்டின் விதியை நினைவூட்டுவதோடு நிற்கட்டும் என்று குடும்ப ஆலோசகர்கள் சொல்வதன் காரணம் இந்தக் காட்சியில் விளங்கும்.

படத்தின் மிகக் கசப்பான இடம் வேறு. தாய் ஒலிவியா தன் இரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு ஓடுகிறார். பில்லின் பிள்ளைகளான மிண்டியும் ராண்டியும் அங்கேயே விடப்படுகிறார்கள். அவர்கள் என்ன ஆவார்கள் என்று மகள் கேட்கிறாள். தாய்க்கு அவர்கள் மேல் சட்ட உரிமை இல்லை. அதன் பிறகு அந்த இருவரும் திரையில் வருவதே இல்லை. ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஒரே பகலில் பிரிந்துவிடுகிறார்கள்.

இது படம் நடக்கும் டெக்சாஸின் கதை மட்டும் அல்ல. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவின் விளக்கமே, அங்கே சொல்லப்படும் தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்கிறது. பத்து ஆண்டுகள் சோறு ஊட்டியிருந்தாலும் அந்தப் பிரிவின்படி அவர் இயற்கைப் பாதுகாவலர் ஆவதில்லை. மறுமணத்துக்கு முன் பெரியவர்கள் பேச வேண்டிய ஒன்று இது. பேசத் தூண்டுவதற்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் பதினாறு வயதுக்கு மேல். மாற்றாந்தந்தையிடம் ஏற்கெனவே அச்சம் உள்ள பிள்ளைக்கு இது ஒருபோதும் வேண்டாம். அந்த வீட்டுக்கு முதலில் தேவை உதவி. அடி, மிரட்டல் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

## என்னை அறிந்தால்

தமிழில் மாற்றுப் பெற்றோர் பாத்திரங்கள் நிறைய உண்டு. 1966-இல் வந்த 'சித்தி'யில் பத்மினி நல்ல சித்தி. ஆனால் அந்த நல்லதனம் தியாகத்தால் அளக்கப்பட்டது. கௌதம் வாசுதேவ் மேனனின் படத்தில் அஜித்தின் சத்யதேவ் வேறு வகை. மணவிலக்குப் பெற்று மகளோடு வாழும் நடனக் கலைஞர் ஹேமானிகாவை மணக்க இருக்கிறார். திருமணத்துக்கு முன் ஹேமானிகா கொல்லப்பட, மகள் ஈஷாவைத் தானே வளர்க்கிறார். ஐ.பி.எஸ். என்ற மூன்றெழுத்து வேலையைவிட ஒரு சிறுமி பெரிது என்று காவல்துறையை விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். தாமரை எழுதிய 'உனக்கென்ன வேணும் சொல்லு' பாட்டின் இடம் அது.

இந்தப் பாட்டுப் பகுதி ஒன்றுக்காகவே பட்டியலில் இந்தப் படம் இருக்கிறது. துயரத்தில் இருக்கும் பிள்ளையிடம் 'இனிமேல் நான்தான் அப்பா' என்று அறிவிக்காமல், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபடி கூடவே நடக்கும் ஓர் ஆண். இரத்த உறவு இல்லாத மகளை வளர்ப்பதை ஒரு பெரிய நாயகன் இயல்பாகச் செய்வது நம் வீட்டு ஆண்களுக்குக் கண்ணில் பட வேண்டிய ஒன்று.

ஆனால் மீதிப் படம் காவல்துறைச் சண்டை. தாயின் கொலை, பின்னர் சிறுமியே கடத்தப்படுவது இரண்டும் தாயை இழந்த பிள்ளைக்குக் கனமானவை. பெண்ணின் சாவு நாயகனின் பாதையைத் திருப்பும் கருவியாகவே நிற்கிறது என்ற குறையும் உண்மை. பத்து வயதுக்குக் கீழ் என்றால் பாட்டை மட்டும் போட்டுக்காட்டுங்கள். முழுப்படத்தைவிட அந்த ஐந்து நிமிடம் அதிகம் பேசும்.

## டாடிஸ் ஹோம்

பெற்ற அப்பா பைக்கில் வந்து இறங்குகிறார், மாற்றாந்தந்தை பிராட் பதறுகிறார், பரிசுகளில் போட்டி தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் கிறிஸ்துமஸ், அதில் ஒரு குட்டிக் குதிரை. சிரிப்புக்காக எடுத்த படம், கொச்சை நகைச்சுவை நிறைய. பெற்றவரும் புதியவரும் செலவில் போட்டியிடும் வீட்டுக்கு இது ஒரு கண்ணாடி. பிள்ளைகள் இரு பக்கமும் வாங்கிக்கொள்கிறார்கள், யாருடைய மதிப்பும் உயர்வதில்லை. பெற்ற தந்தை பொறுப்பில்லாதவராகவும் ஈர்ப்பாகவும் வருவதால், அப்பாவை அரிதாகப் பார்க்கும் சிறுவனுக்கு அவர்மேல் ஏக்கம்தான் கூடும். பெரியவர்கள் இருவரும் ஓரளவு சமாதானமாக இருக்கும் வீட்டில் மட்டும் போடுங்கள்.

## இன்ஸ்டன்ட் ஃபேமிலி

உண்மையில் இது வளர்ப்புக் குடும்பத்தின் கதை. பீட், எல்லி தம்பதி, லிஸி, ஹுவான், லீட்டா என்ற உடன்பிறந்த மூவரை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். இயக்குநர் ஷான் ஆண்டர்ஸும் உடன்பிறந்த மூவரைத் தத்தெடுத்தவர். அந்த அனுபவத்தின் தடம் காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

தொடக்கத்தில் எல்லாம் தேனாக நகர்கிறது. பிறகு உருளைக்கிழங்கு சிப்ஸுக்காக ஓர் இரவுச் சாப்பாடே போர்க்களமாகிறது. முதல் வாரங்களின் நல்ல நடத்தை ஏற்பு அல்ல, விருந்தாளி மரியாதை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் குறைவு. பிள்ளை எதிர்த்துப் பேசத் தொடங்கினால் அது பின்னடைவாகத் தெரியும். பல நேரம் அது இந்த இடம் நிலைக்குமா என்று தட்டிப்பார்ப்பது. திருமணமாகி மூன்று மாதத்தில் 'திடீரென்று மாறிவிட்டான்' என்று கலங்கும் வீடுகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய படம் இது. மூத்தவள் லிஸியின் கோபமும் நியாயமானது. தம்பி தங்கைக்குத் தாயாக இருந்தவளிடமிருந்து அந்த வேலையை யாரோ வந்து பறிக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். லிஸி தன் அந்தரங்கப் படங்களை வயதில் மூத்த ஓர் இளைஞனுக்கு அனுப்பும் கிளைக்கதை வருகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையோடு பேச அது நல்ல வாய்ப்பு, எட்டு வயதுத் தம்பி பக்கத்தில் இருந்தால் தர்மசங்கடம். அடுத்தது, போதையிலிருந்து மீள முடியாத பெற்ற தாய் வாக்களித்த நாளில் வராமல் போவது. பெற்றவர் வருவதாகச் சொல்லி வராமல் போன அனுபவம் உங்கள் பிள்ளைக்கு இருந்தால், அந்தக் காட்சியில் அது உடையும். நீங்கள் முதலில் தனியே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## ஆன்வர்ட்

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தயக்கமின்றிக் காட்டக்கூடியது இந்த ஒன்றுதான். பிக்ஸார் நிறுவனத்தின் இந்த அனிமேஷன் படத்தில் இயான், பார்லி இருவரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துச் சகோதரர்கள். தான் பிறக்கும் முன்பே இறந்துவிட்ட அப்பாவை ஒரே ஒரு நாள் திரும்ப வரவழைக்கும் மந்திரம் இயானுக்குக் கிடைக்கிறது. பாதிதான் பலிக்கிறது, இடுப்புக்குக் கீழே மட்டும் அப்பா வருகிறார்.

அம்மாவின் நண்பர் கோல்ட் பாதி மனிதர், பாதி குதிரை, போலீஸ்காரர். அந்த உடம்போடு சின்ன வீட்டுக்குள் திரும்புவதே அவருக்குச் சிரமம். பிள்ளைகளோடு பேச முயன்று தடுமாறுகிறார். தீயவர் அல்ல, வீட்டின் அளவுக்கு இன்னும் பொருந்தாதவர். 'புதுசா வந்தவர் கெட்டவர் இல்ல, பழகல, அவ்வளவுதான்' என்பதைக் குழந்தைக்குப் படமாகவே விளக்கிவிடுகிறது.

கோல்ட் கதையின் ஓரத்தில்தான் இருக்கிறார். தன்னைப் பற்றிய படம் என்று ஆவலோடு உட்காரும் மாற்றாந்தந்தைக்கு ஏமாற்றம் வரும், ஆனால் அந்த ஓரமே சரியான இடம் என்பது எங்கள் எண்ணம். இறந்த அப்பாவின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளாததால்தான் பிள்ளை நிம்மதியாகப் பார்க்கிறது. நோயில் கருவிகளோடு படுத்திருந்த அப்பாவைப் பார்க்கப் பயந்து விடைபெறாமல் போனதை பார்லி சொல்லும் இடத்துக்குத் தயாராக இருங்கள். மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்த பிள்ளை அங்கே அழும். அழட்டும், படத்தை நிறுத்துங்கள், அவசரப்பட வேண்டாம்.

## உங்கள் வீட்டுக்கு எது

பெற்றவர் இறந்த வீடு, சிறு பிள்ளைகள் என்றால் ஆன்வர்ட். தாயை இழந்த பதின்ம வயது மகள், கண்ணியமாக ஒதுங்கி நிற்கும் மாற்றாந்தந்தை என்றால் என்னை அறிந்தால், முன்னெச்சரிக்கையோடு. மணவிலக்கு, பெற்ற தாய் அருகிலேயே இருக்கிறார் என்றால் பெரியவர்கள் ஸ்டெப்மாம் பார்க்கட்டும், பிள்ளைகளுக்கு இன்ஸ்டன்ட் ஃபேமிலி. திருமணத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை என்றால் இருவரும் பாய்ஹுட். ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும் தன்னை 'அம்மா' என்று கூப்பிடவில்லையே என்று மனம் நோகும் சித்திக்கு ஜூனோ.

## பார்க்கும் முறை

பெரியவர் ஒருவர் முதலில் தனியாகப் பார்த்து, கனமான காட்சிகளின் நிமிடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'நம்ம வீட்டுக் கதை மாதிரியே ஒரு படம்' என்று சொல்லித் தொடங்காதீர்கள். பிள்ளை அந்த நொடியிலேயே மூடிக்கொள்ளும். இரண்டு அமர்வுகளாகப் பிரித்தால் நல்லது. இடைவெளியில் வரும் பேச்சுதான் பெரும்பாலும் உண்மையானது.

முடிந்தவுடன் 'நானும் அந்தச் சித்தி மாதிரியா?' என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பிள்ளையால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கேட்பதென்றால் திரையில் இருப்பவரைப் பற்றிக் கேளுங்கள்: 'அந்தப் பையன் அப்போ ஏன் கதவைச் சாத்திக்கிட்டான்?' பதில் அன்று வராமல், மூன்று நாள் கழித்து டியூஷனுக்கு வண்டியில் போகும்போது பின்னாலிருந்து வரலாம்.

உட்காரும் இடமும் முக்கியம். பெற்றவர் பிள்ளைக்குப் பக்கத்தில், புதியவர் சோபாவின் மறுமுனையில். கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் கண் கலங்கினால், புதியவர் டீ போடுவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போகலாம். இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு கோப்பைகளோடு வரட்டும், பிள்ளைக்குரிய கோப்பையையும் சேர்த்து.